மன்னிக்கப் போய் வந்த சண்டை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1934 மார்ச்சு.

மகன் சத்தியநேசனின் தகப்பனார் அவர்களுக்கு, போர்டிங் பள்ளிச் சமையற்கட்டிலிருந்து அன்னபாக்கியம் தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். ராஜபாளையத்தில் உங்கள் இருமல் நின்றதா? பேத்தி இன்பம் என்னைக் கேட்கிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில், மனக்கசப்போடு யாரும் மறுநாள் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வரக்கூடாது என்று போதகர் சொன்னார். தேவனுக்குப் பிரியமாய் நடக்க வேண்டுமே என்று நான் அங்கேயே எழுந்து, என்னோடு சமைக்கும் ஞானத்தாயிடம், "உன்ன மன்னிச்சிட்டேன்ட்டி" என்றேன்.

"எதுக்குட்டி?" என்றாள். அவளுக்கு நினைவே இல்லை!

"எம் மவன் கல்யாணத்துல, நான் வச்ச குழம்புல முகம் பாத்துத் தல சீவலாம்னு சொன்னியே?"

"ஆமா, அப்படித்தான இருந்துச்சு!"

சபையே சிரித்தது. நான் மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இருவருக்கும் திருவிருந்து இல்லை என்றுவிட்டார் போதகர்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முன்னே போய் முழங்காலிட்டார்கள். கடைசி பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானத்தாய் தன் முந்தானையை நீட்டி, "அழாதட்டி. ஒங் குழம்பு தண்ணியா இருந்தாலும் நான் திரும்பத் திரும்ப வாங்கி ஊத்திக்கிட்டேன்லா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போதகர் பார்த்துவிட்டு இருவரையும் கைகாட்டி அழைத்தார். போனோம்.

வண்டிக்காரர் சமுத்திரத்திடம் என் பழைய தலையணையைக் கொடுத்தனுப்புங்கள், இங்கே தூக்கம் பிடிக்கவில்லை. அதே வண்டியில் நீங்களும் ஏறி வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உலை கொதிக்கிறது, முடிக்கிறேன்.

உங்கள் தங்கையையும் மன்னித்துவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எதற்கு என்று கேட்பாள்.

அன்னபாக்கியம்