எருமைத் தொட்டியில் தின்ற ஆடுகள்

என் அருமை அக்கா,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். செவலை பிழைத்துக்கொண்டது. நேற்றுக் காலையில் பெட்டைக்குட்டி ஒன்றை ஈன்று, நக்கித் துடைத்துவிட்டு, மடியில் பாலோடு நிற்கிறது. நீ கலியாணமாகிப் புறப்பட்டபோது அம்மா உன் வண்டிக்குப் பின்னால் ஒரு செம்மறிக் குட்டியைக் கட்டி அனுப்பினாளே, அதன் வம்சம் அறுந்துபோகவில்லை.

உனக்கு எழுத்துத் தெரியாது. நான் பத்திரிகையில் எழுதுவதையெல்லாம் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாய். கேட்டு முடித்ததும், "எல்லாஞ் செரி கண்ணு, இதுல நம்ம காடு எங்க வருது?" என்பாய். இத்தனை வருஷம் கழித்து இதில் வருகிறது. யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும்.

நீ ஆவணியில் போனாய். கருமாதி முடிந்ததும் உன் மகள் மரகதம் எருமையைத் தன் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மச்சானைக் கிட்டவே சேர்க்காத எருமை, அவள் கைக்குத்தான் கொஞ்சம் இணங்கியது. எருமையில்லாமல், தீனித் தொட்டியோடு கட்டுத்தரை வெறிச்சென்று கிடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. இந்த வருஷம் அது விடவே இல்லை. மேய்ச்சல் காட்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. மச்சானுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம். அப்புறம் ஆடுகள் கழிய ஆரம்பித்தன. தாடைக்கு அடியில் பை கட்டித் தொங்கவிட்டதுபோல வீங்கியது. கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் ரத்தமே இல்லை, வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. செத்த ஆடு ஒன்றைக் கால்நடை டாக்டர் அறுத்து, இரைப்பைக்குள் மயிரிழைபோல நெளிந்த புழுக்களை மச்சானுக்குக் காட்டினார். மருந்தும் ஊற்றினார். ஆனால் மழை நிற்கவில்லை. ஈரப்புல்லோடு புழு மறுபடியும் உள்ளே போயிற்று.

அப்போது மச்சான் செய்தது உன் வைத்தியம்தான். "புழு வெச்ச வயித்துக்குத் தீனி போட்டா, ஆடா திங்குது? புழுவல்ல திங்குது? காயப்போட்டாத்தான் அது சாவும்" என்று நீ சொல்லுவாயே. உன் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதிலும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் எருதுக்கும் எருமைக்கும் உரியவை. ஆட்டுக்கு அதைப் போடுகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். ஆக, மிக மோசமான ஆடுகளை மட்டும் பிரித்து, எருமை நின்ற கட்டுத்தரையில் அடைத்து, கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டை போட்டுவிட்டு மச்சான் ஒதுங்கிக்கொண்டார். அவற்றில் செவலையும் ஒன்று. சினையாக இருந்தது.

அதோடு விடவில்லை. அவிநாசிப் பக்கத்து ஆட்டு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல ஆடு, சீக்கு ஆடு எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி. "அவ போயிட்டா. அவ ஆடும் போகட்டும். எனக்கு ஆட்டுப்பட்டி வேண்டாம் மாப்ளே" என்றார். வியாபாரி வருகிற அன்று நானும் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். செவலையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

வியாபாரி நேரே கட்டுத்தரைக்குள் போனார். ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து காட்டில் மேய்ந்துகொண்டிருந்த மற்ற ஆடுகளையும் தடவிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம்.

"ஏனுங்க கவுண்டரே, என்ன வெளையாட்டு இது? சாகப்போறதுன்னு சொன்னதெல்லாம் முதுகு ரொம்பி நிக்குது. நல்லாடுன்னு சொன்னதெல்லாம் எலும்பும் தோலுமா இருக்குது. மாத்திச் சொல்லிப்போட்டீங்களா?"

மச்சான் விழித்தார். உள்ளே போய்ச் செவலையின் தாடையைத் தடவினார். வீக்கம் வற்றியிருந்தது. பிறகு தொட்டியைப் பார்த்தார். வழித்து நக்கியதுபோல் இருந்தது தொட்டி. அதன் ஓரத்தில் பருத்திக்கொட்டைத் தோல் ஒட்டியிருந்தது.

அக்கா, உன் தோள்வலிக்காக அவர் ஏற்றுக்கொண்ட வேலை நினைவிருக்கிறதா? சாயங்காலம் பருத்திக்கொட்டை ஊறப்போடுவது, விடியலில் ஆட்டுக்கல்லில் அரைத்து, பிண்ணாக்கும் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது. எருமை போன பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை; ஆடுகள் வரும்வரை காக்கையும் நாயும் தின்று தீர்த்திருக்கும். ஊற்றிவிட்டு, காலியான கட்டுத்தரையைப் பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாராம். அங்கே ஆடுகளை அடைத்த பிறகும் அப்படியே.

"எருமை இல்லீன்னு மனசுக்குத் தெரியுது மாப்ளே. கைக்குத் தெரியில" என்றார். சொல்லிக்கொண்டே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

வியாபாரிக்குப் பொறுமை இல்லை. "வெல பேசலாங்களா?" என்றார்.

"ஆடு இல்லீங்க. போயிட்டு வாங்க."

"இல்லீங்களா? அப்ப என்ற முன்னால நிக்கறதென்ன, முயலுங்களா?"

நீ போன பிறகு மச்சான் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் டாக்டரை அழைத்து வந்தோம். அவர் செவலையின் இமையைப் பிதுக்கினார், இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. "புழு இன்னும் இருக்குதுங்க. ஆனா அது உறிஞ்சற ரத்தத்தைத் திரும்ப ஊறவெக்க ஒடம்புக்குச் சத்துக் கெடச்சிருக்குது. ஈரப்புல்லு மேயாம நின்னதும் ஒரு காரணந்தான். மருந்தை விட்டுப்போடாதீங்க, தீனியையும் விட்டுப்போடாதீங்க. சினையாட்டுக்கு ரொம்ப முக்கியம்" என்றார்.

நான் பார்த்ததற்கு மேல் எழுதுகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். எல்லா ஆடும் பிழைக்கவில்லை. காட்டில் நின்றவற்றில் சில, நாங்கள் தீனி வைக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டன. மற்றவை மெல்லத் தேறின. இப்போது மழை விட்டுவிட்டது. பனி உலர்ந்த பிறகுதான் காட்டுக்கு ஓட்டுகிறார். பட்டி நிலைத்துவிட்டது.

ஊர் சிரிக்கத்தான் செய்கிறது. "ஆட்டுக்கு விருந்து வெக்கற ஊடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மச்சானுக்கு அதில் வருத்தமில்லை. "உன்ற அக்கா இருந்திருந்தா, புழுவுக்குச் சோறு போடறயான்னு என்னையத்தான் பட்டினி போட்டிருப்பா" என்கிறார். நிஜமாகவே அப்படிச் செய்திருப்பாயா? செவலையின் இமையைப் பிதுக்கிக் காட்டியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? உன்னோடு இதைச் சண்டை போட்டுத் தீர்க்க முடியவில்லையே என்பதுதான் எனக்குக் குறை.

ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்னால், டவுனிலிருந்து பருத்திக்கொட்டை மூட்டையை நானே பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வருவேன். மச்சான் அரைப்பார். இன்று விடியலிலும் அரைத்து ஊற்றினார். ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. செவலை தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

உன் வண்டிக்குப் பின்னால், அந்தக் குட்டியோடு எல்லைவரை ஓடிவந்த
உன் தம்பி