வடக்குச் சன்னலும் ஒன்பது மாடியும்

ஆவணி 3, திங்கள்

காற்று. போடிமெட்டிலிருந்து இறங்கி வந்து காலை முதல் ஒரே அடி. கொட்டகைக்குள் புழுதி. சன்னல்களைப் பாதி சாத்தி வைத்து வேலை. வாங்க வேண்டியது: கோணி ஊசி, டீத்தூள், தக்காளி. மறந்தது: தக்காளி.

மத்தியானம் நகராட்சி ஆள் வந்து பக்கத்து மனை வேலியில் ஒரு அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனார். பழைய பஞ்சுக் கிடங்கை இடித்துப் போட்ட மனை, எங்கள் கொட்டகைக்கு வடக்கே ஒட்டினாற்போல் கிடப்பது. அதில் ஒன்பது மாடி மாணவர் விடுதி வரப்போகிறதாம். போடியில், பஜாருக்கு நடுவில், ஒன்பது மாடி! கோயம்புத்தூர் கம்பெனி. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம், கூட்டம் வைத்து விசாரிப்பார்கள்.

பெண்கள் எல்லாரும் முறத்தைப் போட்டுவிட்டுப் பார்க்க ஓடினார்கள். அறிவிப்பில் கட்டடத்தின் படம். கண்ணாடி, பூச்செடி, வாசலில் சிரிக்கிற பிள்ளைகள். எங்கள் கொட்டகை இருக்க வேண்டிய இடத்தில் புல்தரை வரைந்திருக்கிறார்கள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இத்தனை பெண்கள் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குகிற இடம், புல்லாம் புல்லு.

பாண்டியம்மாளுக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு. "மதினி, நம்ம காவேரிக்கு இதுல ஒரு ரூம்பு கெடச்சிருமா?" காவேரி அவள் மகள், இங்கே காலேஜில் இரண்டாம் வருஷம். வீடு குரங்கணி. லேப் இழுத்துவிட்டால் கடைசி பஸ் போய்விடும், அன்றைக்கெல்லாம் என் வீட்டில்தான் படுக்கை. இந்த மாதம் பாதி நாள் அப்படித்தான். "கெடைக்கும்த்தா" என்றேன். வேறென்ன சொல்ல.

ஆவணி 4, செவ்வாய்

கூட்டத்தில் தடுமாறாமல் பேச வேண்டும். இங்கேயே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கரும்பச்சை தனி, இளம்பச்சை தனி, வெளிறினது தனி. வெயிலில் பரப்பிப் பார்க்கக் கூடாது, பச்சை ஓடிவிடும். வடக்கு வானத்து வெளிச்சம்தான் சரி. வெயில் படாது, ஆனால் பளிச்சென்று இருக்கும். அதற்காகத்தான் கொட்டகையில் வடக்கே மட்டும் இவ்வளவு சன்னல். ஒன்பது மாடி வந்தால் சன்னல் வானத்தைப் பார்க்காது, சுவரைப் பார்க்கும். அப்புறம் எங்களுக்குச் சோலி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரி அபி போன். என் மகள், கோவையில் படிக்கிறாள், விடுதியில் எட்டாவது மாடி. விஷயத்தைச் சொன்னதும் பாய்ந்தாள். "நீயாம்மா ஹாஸ்டலு வேணாம்னு சொல்றது? எனக்கு எடம் கெடைக்க நம்ம என்னா அலை அலைஞ்சோம்?" வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? காது கொடுத்துக் கேட்டால்தானே. வைத்துவிட்டேன். இட்லி மாவு புளித்துவிட்டது.

ஆவணி 6, வியாழன்

தூறல். கம்பெனி எஞ்சினியர் வந்தார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். சன்னலைப் பார்த்தார், மனையைப் பார்த்தார், பிரச்சினை புரிகிறது என்றார். எல்.இ.டி. விளக்கு வரிசையாக மாட்டித் தருகிறார்களாம், எங்களுக்குச் செலவில்லை. "சன்னலைச் சாத்திட்டு நாலு நாள் வேலை செஞ்சு பாருங்க மேடம். பிடிச்சிருந்தா ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

பெண்களுக்கு ஏகக் குஷி. காற்றும் வராது, புழுதியும் வராது, மேகம் மூடினாலும் வேலை நிற்காது. பாண்டியம்மாள்: "வடக்குச் சன்னலு வடக்குச் சன்னலுன்னு அதையே கட்டிக்கிட்டு அழுவியா மதினி? மாட்டிப் பாப்பமே."

சாயங்காலமே மாட்டிவிட்டார்கள். கல்யாண வீடு கெட்டது போங்கள், அத்தனை வெளிச்சம்.

ஆவணி 8, சனி

விளக்கில் இரண்டாம் நாள். கண் எரியவில்லை. மூக்கில் புழுதி ஏறவில்லை. இருட்டிய பிறகும் உட்கார்ந்து முடித்தோம். மூடைகள் முதலாளி வீட்டுக்குப் போய்விட்டன. (ஏலக்காய் வியாபாரி. இவர் காய் அனுப்பினால்தான் எங்கள் கொட்டகையில் அடுப்பெரியும்.)

எனக்கே பிடித்துவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம். வீணாக ஏன் வம்பு?

ஆவணி 10, திங்கள்

போட இருந்த கை. நல்லவேளை.

காலையில் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன், சனிக்கிழமை அனுப்பிய மூடைகளைச் சுமந்துகொண்டு முதலாளி வீட்டு ஜீப்பு வாசலில். ஒன்றுவிடாமல் திரும்பி வந்திருக்கிறது. டிரைவர் முருகேசன் என் சித்தப்பா மகன், அவனே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அக்கா, முதலாளி எகிறிட்டாரு. கலப்படம்ங்கிறாரு. இன்னொரு வாட்டி இப்பிடி வந்தா காய் பொறுக்குற மிஷினுக்கே அனுப்பிருவாராம்."

கலப்படமா? எங்கள் கொட்டகையிலா? சாத்தியிருந்த வடக்குச் சன்னல்களைப் படார் படார் என்று திறந்து, ஒரு முறம் அள்ளிப் பரப்பினேன். ஐயோ. கரும்பச்சைக்கு நடுவே வெளிறினது கண்ணைக் குத்துகிறது. விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. அந்த வெளிச்சத்தில் வெளிறினதும் நல்ல காய் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது. பழக்கம் உள்ள கைகள்தான், எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லையே.

பாண்டியம்மாள்தான் முதலில் முறத்தை எடுத்தாள். "உக்காருங்கடி. மறுபடி பொறுக்குவோம்."

பொழுது சாயும்வரை பொறுக்கினோம். கையெழுத்து கிடையாது. விளக்கைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லி எஞ்சினியருக்குப் போன் போட்டாயிற்று.

ஆவணி 12, புதன்

முதுகு வலி. தைலம். தக்காளி வாங்கினேன், ஒருவழியாக.

அபி போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது. போன வாரம் நான் பேசியதிலிருந்து மனசே சரியில்லையாம். இன்று அவர்கள் விடுதிக்குப் பின்பக்கம் முதல் முறையாகச் சுற்றிப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரு தையல்காரர் கடை. உச்சிவெயில் நேரம், உள்ளே டியூப்லைட் எரிகிறதாம். எப்போதிருந்து என்று கேட்டாளாம். "ஒங்க கட்டடம் வந்ததுலேர்ந்து பாப்பா" என்றாராம் அவர். கோபமாகக்கூட இல்லையாம்.

"எட்டாவது மாடியில நின்னு மலையத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். கீழ எட்டிப் பாத்ததே இல்ல."

என் பிள்ளை. எனக்கு அழுகை வந்தது. சரி, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஆவணி 15, சனி

நகராட்சிக் கூட்டம். மழை இல்லை. நீலச் சேலை.

பஜார்க் கடைக்காரர்கள்தான் அதிகம். வண்டி நிறுத்த இடமிருக்காது, தண்ணீர் பற்றாது, இதுவரை நியாயம். பின்வரிசையில் ஒருத்தர்: "வெளியூரு புள்ளைக வந்தா ஊரே கெட்டுப் போயிரும்ணே." திரும்பி ஒரு முறை முறைத்தேன். வெளியூரில் படிக்கிற பிள்ளையின் அம்மா நான்.

என் முறை. எழுதிப் பார்த்ததெல்லாம் மறந்து போயிற்று. விளக்கு மாட்டியது, நாங்கள் ஏமாந்தது, மூடை திரும்பி வந்தது, அப்படியே கொட்டினேன். அதிகாரி கேட்டார்: "அப்ப விடுதி வேண்டாங்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் எழுந்துவிட்டாள். "ஐயா, எம்மக அதுலதான் தங்கப் போறா. வெரசாக் கட்டுங்க. எங்க சன்னல விட்டுப்போட்டுத் தள்ளிக் கட்டுங்க."

சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார், நான் பார்த்தேன். எங்கள் பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ள முடியும் என்று பார்த்து வரைபடத்தை மாற்றிக் கொண்டுவரும்படி எஞ்சினியரிடம் சொன்னார்.

வெளியே வந்து ஆளுக்கொரு வடை.

ஆவணி 18, செவ்வாய்

எஞ்சினியர் புது வரைபடத்தோடு வந்தார். எங்கள் பக்கம் நன்றாக உள்ளே தள்ளியிருக்கிறது. மேல் மாடிகள் படிப்படியாகப் பின்னே போகின்றன. சன்னலுக்கு வானம் உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் கேட்டேன், தள்ளினதில் எது குறைந்தது என்று. கொஞ்சம் தயங்கினார். அந்தப் பக்கம் இருந்தது ஆறு பேர் சேர்ந்து தங்குகிற குறைந்த வாடகை அறைகளாம். மலைப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்தது. அது மொத்தமும் போயிற்று.

பாண்டியம்மாள் அங்கேயேதான் இருந்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டாள்.

என் சன்னலுக்கு அவள் மகளின் அறை. இது என்ன கணக்கு?

ஆவணி 19, புதன்

பாண்டியம்மாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவள் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை நான். காற்று நின்றுவிட்டது. நல்ல வெளிச்சம், வேலைதான் ஓடவில்லை.

ஆவணி 20, வியாழன்

வந்துவிட்டாள்! காவேரியையும் கூட்டிக்கொண்டு. நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் படத்தக் கொண்டா மதினி."

விரித்து வைத்தேன். காவேரி ஒவ்வொரு கட்டமாக வாசித்துச் சொன்னாள். முன்பக்கம், தெருவைப் பார்த்து, இரண்டு மாடி உயரத்துக்கு உடற்பயிற்சிக் கூடம். பாண்டியம்மாள் நிறுத்தச் சொன்னாள்.

"அது என்னாடி?"

"ஜிம்மும்மா. ஓடுற மிஷினு எல்லாம் இருக்கும். நின்ன எடத்துலயே ஓடலாம்."

"அடி ஆத்தே! குரங்கணியிலருந்து ஏறி எறங்குற கழுதைகளுக்கு ஓட மிஷினா? அந்த எடத்துல எம்புள்ளைகளுக்குக் கட்டிலப் போடச் சொல்லு."

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும். நேற்று முழுக்க இவள் என்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்றல்லவா நினைத்தேன். "நீ என்ன செய்வ, அந்தப் பய கணக்கு அப்பிடி" என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்தே மனு எழுதினோம். ஆட்சேபணை என்று போடவில்லை. கோரிக்கை என்று போட்டோம்.

ஆவணி 21, வெள்ளி

மனுவைக் கொடுக்கப் போனோம். அதிகாரி இல்லை, மத்தியானம் வாருங்கள். மத்தியானம், நாளை வாருங்கள். வரமாட்டோம், இங்கேயே இருக்கிறோம் என்று பாண்டியம்மாள் பெஞ்சில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் அதிகாரி வந்தார், வாங்கிப் படித்தார். "ஜிம்மை எடுக்கச் சொல்றீங்களா?" "பாதிய எடுத்தாப் போதும்யா" என்றேன். எஞ்சினியரை அங்கேயே போனில் கூப்பிட்டார்.

ஆவணி 24, திங்கள்

மேகமூட்டம். மலை தெரியவில்லை. புது மூடைகள் வந்து இறங்கின. முதலாளி கோபம் தணிந்துவிட்டது போல, காய் நல்ல காய்.

எஞ்சினியர் வந்து வரைபடத்தைக் காட்டினார். முன்பக்கக் கூடம் பாதியாகிவிட்டது. மலைப் பிள்ளைகளின் அறைகள் திரும்பி வந்துவிட்டன. நம் பக்கம் தள்ளினது தள்ளினபடியே. இன்னும் அனுமதி ஆகவில்லை, மேலே மதுரைக்குப் போய்த்தான் கையெழுத்தாக வேண்டுமாம். ஆகட்டும். ஆகும்வரை போவேன். மதுரை என்ன, பஸ் ஏறினால் மதுரை.

அதில் கொஞ்சம் அறை, தள்ளி நிற்கிற பக்கவாட்டில், எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே. காவேரிக்கு அங்கேதான் வேண்டும் என்று இப்போதே ஒற்றைக்காலில் நிற்கிறாள் பாண்டியம்மாள். "படிக்காமப் போனு நோண்டுனா இங்கிட்டிருந்தே பாத்துருவேன்ல?"

ஒரு செங்கல்கூட இன்னும் வைக்கவில்லை அங்கே. அதற்குள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வடக்குச் சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள்.