செல் இல்லாத தட்டு

14 அக்டோபர்
மறுபடி இருட்டு. நான்காம் ஆண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் என் சாயம் பச்சையாக ஒளிர வேண்டும். சோதனைக் குழாயில் ஒளிர்கிறது. தானே பெராக்சைடை உண்டாக்கும் உயிருள்ள செல்லுக்குள் போனால் சும்மா கிடக்கிறது. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது.

பேராசிரியர் ப்ரெபன் என் தோளுக்கு மேலாக நுண்ணோக்கித் திரையை எட்டிப் பார்த்தார். “இந்த வெளிச்சத்துல பூனைக்கே கண்ணு தெரியாது, ராக்னா. லேசரைக் கூட்டு.”

15 அக்டோபர்
கூட்டினேன். பச்சை.

23 அக்டோபர்
கட்டுரையை இதழுக்கு அனுப்பியாயிற்று. என் செல் படத்தை ப்ரெபன் தன் கதவில் ஒட்டியிருக்கிறார். அம்மாவிடம் போனில் சொல்லும்போது அழுதேன். எதற்கு?

3 நவம்பர்
இன்று ஒரு தட்டில் செல்களைப் போட மறந்திருக்கிறேன். வெறும் ஊட்டக் கரைசலும் சாயமும்தான்.
லேசரின் கீழ் அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது.

4 நவம்பர்
செல் இல்லாத இரண்டு தட்டுகள். ஒன்று லேசரின் கீழ். மற்றொன்று அலுமினியத் தாள் சுற்றி, இருட்டில். அதைப் பிரித்து லேசரில் ஒரு நொடி மட்டும் பார்த்தேன் — ஒன்றுமில்லை.

பார்ப்பதற்காகப் பாய்ச்சிய வெளிச்சமே கரைசலில் பெராக்சைடை உண்டாக்குகிறது. நான் படம் பிடித்தது செல்லை அல்ல, என் விளக்கை.

எல்லாம் போச்சு. சொல்லாம இருந்தா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?

பக்கத்து மேசை அஸ்கரிடம் காட்டினேன். “கழுவிக் கவுத்திடு. நீ பாக்கல, நானும் பாக்கல.” பிறகு என் முகத்தைப் பார்த்தான். “சரி தாயே, போய்ச் சொல்லு. கேக்குக்கு வெண்ணெய் வாங்கி வச்சுக்கோ.”

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொதப்பியவர்தான் மற்றவர்களுக்குக் கேக் செய்து வர வேண்டும். குடுவை உடைத்தால்கூட.

5 நவம்பர்
ப்ரெபன் இரண்டு தட்டுகளையும் நெடுநேரம் பார்த்தார்.
“அப்ப கட்டுரை?”
“திரும்ப வாங்கிடணும்.”
“மார்ச்சோட உனக்கு முடியுதே.”
“தெரியும்.”
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

6 நவம்பர்
அவர் வரவில்லை. கதவில் படமும் இல்லை.

8 நவம்பர்
கேக் நடுவில் அமுங்கிவிட்டது. குப்பையில் கொட்டினேன். இதுக்குக்கூட லாயக்கில்ல நான்.

10 நவம்பர்
வெறுங்கையோடு போனேன். காபி மேசையில் ஒரு கேக், ஓரமெல்லாம் கருகி. அஸ்கர் இரண்டாவது துண்டில் இருந்தான். “கரியா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. நீ செஞ்சதுதானே?”

இல்லை என்றேன்.

ப்ரெபன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். “லேசரைக் கூட்டச் சொன்னது நான்,” என்றார், திரும்பாமல்.

மதியம் லேசரைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். இருட்டு. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.