முக்கின கையி எங்க கையி

இன்று காலை என்னைப் பிசிறு டேபிளுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனையாம். தைத்து வரும் டி-சர்ட்டுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்திரியால் நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருக்கிற அதே நீள மேசை. ஜன்னலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல். நான் போய் உட்கார்ந்ததும் சுனிதா தன் டப்பாவிலிருந்து ஒரு டிரிம்மரை, அந்தச் சின்னக் கத்திரியை, எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒடிசாக்காரப் பெண், நீ "ஏ கண்ணு" என்று ஒரு குரல் கொடுத்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவாளே, அவள்தான். டிரிம்மர் உன்னுடையது. விரல் நுழைக்கிற வளையத்தில் நீ சுற்றி வைத்த பச்சை பனியன் துணி அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். மெஷின் ஆயில் வாசம்தான் அடித்தது. அப்படியே விரலில் மாட்டிக்கொண்டேன்.

நேற்று வரைக்கும் நான் லைன் சூப்பர்வைசர். இப்போது உன் இடத்தில் இருக்கிறேன். என்ன செய்துவிட்டு இங்கே வந்தேன் என்று நீ கேட்பாய். நீ செய்ததைத்தான் செய்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷினில் இருந்த காலம்? நீ ஓவர்லாக், நான் பிளாட்லாக். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே இரண்டு பேருக்கும் குரல் கட்டைக்குரலாகிப் போனது. அந்த வருடம் கம்பெனியில் கொடியேற்றத்துக்கு வேலைக்காரர்களின் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். பாட்டு நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. பள்ளிக்கூடமோ, பஞ்சாயத்து ஆபீசோ, பனியன் கம்பெனியோ, எங்கே கொடி ஏறினாலும் அதைத்தான் பாடுவார்கள்.

நூலு கொண்டு வாருங்க, சாயங் கொண்டு வாருங்க,
நாடு ஒண்ணு நெய்யப் போறோம், நாலு பேரும் வாருங்க.

யார் கட்டிய பாட்டு என்று கேட்டால் ஆளுக்கொரு வாத்தியார் பெயரைச் சொல்வார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்து இரண்டு கையையும் தரைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு நிமிர்ந்து கைகளை ஒன்றோடொன்று முறுக்கினார்கள். கடைசியில் தலைக்கு மேலே தூக்கி உதறினார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுத்த டீச்சர் மைக்கில் விளக்கம் வேறு சொன்னார். குனிவது தாய்நாட்டுக்கு வணக்கமாம், முறுக்குவது ஒற்றுமையாம், உதறுவது கொடி பறப்பதாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கையில் இருந்த லட்டு கீழே உருண்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள்.

"வணக்கமும் இல்ல, ஒத்துமையும் இல்ல புள்ள. முக்கறது, புழியறது, உதர்றது. சாயத் தொட்டியில துணி முக்குற வேலை அது. எங்கம்மா சனத்தோட வேலை," என்றாய்.

அப்புறம் மத்தியானச் சாப்பாட்டின்போது டிபன் பாக்சைத் திறக்காமலே முழுக் கதையையும் சொன்னாய். சாமளாபுரத்துக்கு அந்தப் பக்கம், நொய்யல் கரையில், உன் அம்மா பிறந்த தெருவே சாயத் தெருவாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கொடித் துணிக்கு அங்கேதான் சாயம் ஏற்றினார்கள். காவிக்கு ஒரு தொட்டி, பச்சைக்கு ஒரு தொட்டி. வெளியே தெரிந்தால் ஜெயில். அதனால் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். தெருமுனையில் போலீஸ் தலை தெரிந்தால் கடைசியில் நிற்கிறவள் பாட்டின் வேகத்தைக் கூட்டுவாள். உடனே கொடித் துணி தொட்டிக்கு அடியில் போய்விடும், மேலே ஒரு சேலை வந்துவிடும். "கல்யாணத்துக்குச் சேலை முக்கறமுங்க சாமி" என்று ஒருத்தி கையைக் கூப்புவாள். நீ அந்தக் கும்பிடைச் செய்து காட்டியபோது உன் முகத்தில் இருந்த கள்ளத்தனத்தைப் பார்த்து நான் சோற்றைத் துப்பிவிட்டேன்.

ஆக, நாம் பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டி நின்று பாடியது தொட்டிக்கரையில் பெண்கள் கட்டிய பாட்டு. எந்த வாத்தியாரும் கட்டவில்லை. "அதோட முடியலை," என்றாய். சிரிப்பு போய்விட்டது உனக்கு.

சுதந்திரம் வந்த அன்றைக்கு அந்த ஊரிலும் கொடி ஏற்றினார்கள். அந்தக் கொடிக்கும் சாயம் ஏற்றியது அந்தத் தெருதான். விடிய விடிய முக்கி, பிழிந்து, உலர்த்திக் கொடுத்துவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் பார்க்க ஓடினார்கள். முழங்கை வரைக்கும் காவியும் பச்சையும். கம்பத்துக்குப் பக்கத்தில் போனதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தாராம். "கையெல்லாம் கறையா இருக்குது. கொடியில பட்டுரும். அப்படித் தள்ளி நில்லுங்க." கொடியில் இருப்பதும் அதே சாயம்தான். கறை ஒரு சாக்கு. கை கழுவிக்கொண்டு போயிருந்தாலும் அந்தத் தெருக்காரர்களை அங்கே நிற்க விட்டிருக்கமாட்டார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பெரியவருக்கும் தெரியும்.

அவர்கள் தள்ளித்தான் நின்றார்கள். ஆனால் சும்மா நிற்கவில்லை. கொடி ஏறி முடிந்ததும், அதற்குள் ஊருக்கே பழகிப்போயிருந்த அந்தப் பாட்டை எல்லாரோடும் சேர்ந்து பாடினார்கள். ஊர் பாடி நிறுத்திய இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை. அங்கேயே, நின்ற நிலையில், இன்னொரு சரணம் கட்டினார்கள்.

முக்கின கையி எங்க கையி, புழிஞ்ச கையி எங்க கையி,
ஏத்துற போது மட்டும் எட்டி நிக்கச் சொன்னதாரு?

பாட்டு ஊர் ஊராகப் பரவியது. இந்தச் சரணத்தை மட்டும் எல்லாரும் சௌகரியமாக மறந்துபோனார்கள். உன் அம்மாவின் தெரு மறக்கவில்லை.

நான் உன்னோடு சண்டை போட்டேன். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் புள்ள அந்த வரி? நாட்டுப் பாட்டுன்னா நாட்டைப் பத்தி நல்லபடியாச் சொல்லோணும்" என்றேன். நீ டிபன் பாக்ஸ் மூடியை மேசையில் தட்டினாய்.

"அடுத்த ஊட்டு விசேசத்துல போயி எனக்கு எங்க எலைன்னு ஆராச்சும் கேப்பாங்களா? நம்ம ஊட்டு விசேசத்துலதான் கேப்போம். எலை போடாம உட்டாச் சண்டை போடுவோம். நாடு என்னுதுங்கறவதான் புள்ள கேள்வி கேப்பா. அந்த வரியில்லாம மிச்சப் பாட்டுல என்ன இருக்குது?"

இன்றுவரைக்கும் இதைவிட நல்ல விளக்கத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து பாடி வந்த பாட்டு அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

அதற்கடுத்த வருடம் உன்னைப் பாடக் கூப்பிட்டார்கள். நல்ல குரல், சும்மா விடுவார்களா? நீ முதல் சரணம் பாடினாய், கை தட்டினார்கள். நீ இரண்டாவதைத் தொடங்கினாய். மேனேஜர் ஓடிப்போய் மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். ஓவர்லாக் மெஷினுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? கேட்டுக்கு வெளியே டீக்கடைக்காரர் வரைக்கும் கேட்டது. மறுநாள் உன்னை மெஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு டேபிளுக்கு மாற்றினார்கள். நம் ஊர் மரியாதை உனக்குத் தெரியாததா? கழுத்தை அறுக்கும்போதும் ஒரு 'ங்க' குறையாது. "உங்களுக்குச் சிரமம் இல்லாம இருக்கட்டும்னுதானுங்க" என்றாராம் மேனேஜர்.

நீ என்ன செய்தாய்? இந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு தினமும் அதைப் பாடினாய். பிசிறு வெட்டுகிற பெண்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். தமிழே தெரியாத சுனிதாவுக்கும் அவளோடு வந்தவர்களுக்கும் கையால் சொல்லிக்கொடுத்தாய். முக்கு, பிழி, உதறு. நான் சூப்பர்வைசராக வந்த பிறகு இந்தப் பக்கம் நடந்தால் நீ என்னைப் பார்த்துக்கொண்டே குரலைக் கூட்டுவாய், என்னமோ நான் போலீஸ் மாதிரி. சிரிப்பை அடக்க நான் படாத பாடு படுவேன்.

பஞ்சுத் தூசி உன் மூச்சைத் தின்றது. அனுப்பர்பாளையத்தில் உன் வீட்டுக்கு நான் கடைசியாக வந்தபோது ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நீ நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாய். பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டுகிற சத்தத்தில் நீ சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். "பாட்டை மட்டும் எறக்கி வெச்சராத புள்ள," என்றாய். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. சாகிற நேரத்தில்கூட வேலை வைக்கிறாளே என்று. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வருடம் பாட என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனி இப்போது சின்ன முதலாளி கையில். தங்கமான பையன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். ஹெச்ஆர் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"அக்கா, முதல் சரணம் மட்டும் போதுமுங்க. ரெண்டாவது கொஞ்சம் நெகட்டிவா இருக்குதுங்க. வெளிநாட்டுலருந்து பையர் வர்றாங்க, பெரிய ஆர்டருங்க, வீடியோ எடுக்கறோம்."

"பையருக்குத் தமிழ் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் ஆருக்குங்க அது நெகட்டிவ்?"

மேடம் சிரித்துக்கொண்டே என் டீயைப் பார்த்தார். "உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். அவங்க கதை உங்களுக்கே தெரியும்." அவங்க என்றது உன்னைத்தான். எனக்கு அந்த இடத்தில்தான் வீம்பு பிடித்துக்கொண்டது. உன் கதையை எனக்கே பூச்சாண்டியாகக் காட்டுகிறார்கள்! டீயைக் குடித்து முடித்தேன், டம்ளரைக் கழுவி வைத்தேன், வந்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் காலேஜ், வீட்டு வாடகை, எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஆனால் இந்த வருடமும் அந்தச் சரணம் மேடையில் ஏறாவிட்டால் அடுத்த வருடம் அதை நினைத்துப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. அது செத்தால் உன்னை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி. என்னால் அது ஆகாது.

அவர்கள் இந்தத் தடவை மைக்கைப் பிடுங்கவில்லை. அந்த அளவுக்கு முன்னேறிவிட்டார்கள். கீபோர்டு, தபேலா எல்லாம் சேர்த்து மியூசிக்கைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நான் அதோடு பாடவேண்டும். முதல் சரணத்தோடு மியூசிக் முடிந்துவிடும், படபடவென்று கை தட்டிவிடுவார்கள், லட்டுத் தட்டு வந்துவிடும். அப்படித்தான் நடந்தது. மியூசிக் நின்றது, தட்டினார்கள், தட்டும் வந்தது. நான் மைக்கை அதன் கம்பியிலேயே விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றேன். மியூசிக்கை நம்பியா உன் அம்மா சனம் பாடியது?

முக்கின கையி எங்க கையி என்று எடுத்தேன். லட்டுத் தட்டை வைத்திருந்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று நின்றுவிட்டார். இரண்டாவது வரிக்குப் போகும்போது பின்னால் சலசலப்பு. பார்த்தால் பிசிறு டேபிள் மொத்தமும் எழுந்து நிற்கிறது. பாதிப் பேருக்கு வார்த்தை வராது. ஆனால் எல்லாரும் குனிந்தார்கள், முக்கினார்கள், முறுக்கிப் பிழிந்தார்கள், தலைக்கு மேலே உதறினார்கள். டீச்சர் சொல்லிக்கொடுத்த வணக்கம் இல்லை அது. நிஜமாகவே ஒரு கனத்த ஈரத் துணியைப் பிழிகிற பிழி. நீ சொல்லிக்கொடுத்தது. நான் அழுதேன், பாடிக்கொண்டே அழுதேன், வெட்கப்படவில்லை. பையர் கை தட்டினார், பாவம், அவருக்கு எது முடிந்தது எது தொடங்கியது என்று தெரியவில்லை.

இன்று காலை சின்ன முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, பாட்டு நல்லா இருந்துச்சுங்க. ஆனா எதுக்கும் ஒரு எடம் இருக்குதில்லீங்களா? சூப்பர்வைசர் வேலையில உங்களுக்கு அலைச்சல் ஜாஸ்தி. கொஞ்ச நாள் டிரிம்மிங்ல உக்காருங்க."

"எடம் இருக்குதுங்க," என்றேன். "ஜன்னலோரமா ஒண்ணு காலியாத்தான் இருக்குதுங்க."

சம்பளம் குறையும். மகள் ராத்திரி கேட்பாள், சொல்லிக்கொள்ளலாம். உன் டிரிம்மர் வளையம் என் விரலுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. சுற்றிய துணியைப் பிரித்தால் சரியாகிவிடும். பிரிக்க மனசில்லை, விரல் பழகட்டும். சுனிதா இப்போது தமிழ் நன்றாகப் பேசுகிறாள். பிசிறு வெட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள், "அக்கா, நாளைக்கும் பாடினா உங்களை எங்க மாத்துவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். இந்தக் கம்பெனியில் பிசிறு டேபிளுக்குக் கீழே வேறு செக்‌ஷனே கிடையாது. இதற்குமேல் இறக்கவும் இடமில்லை, எட்டி நிற்கச் சொல்லவும் இடமில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். மேசை மொத்தமும் டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.