கேட்டதற்கு மட்டும் பதில்

அன்பு மகள் சுகன்யாவுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றே ஆரணி நீதிமன்றத்தில் என் சாட்சிகளுக்குச் சொல்லித்தருவேன்.

அன்று நீ கேட்டாய்: "அப்பா, பதினெட்டு ஆகாத பொண்ணு கர்ப்பம்னு ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்குச் சொல்லிடுவாங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். யாருக்கும்மா?"

"ஃப்ரெண்டுக்குப்பா. நீ கேஸ் கட்டப் பாத்துகினு இரு."

பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்ணும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்பதை நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நீ மருந்துக்கடை மாத்திரையை நம்பினாய்; ரத்தப்போக்கு நிற்கவில்லை.

நீ மைனர் என்பதால், உன் கருப்பையை அகற்றும் ஒப்புதல் படிவத்தில் நானே கையெழுத்திட்டேன். ஒரு வரி விடாமல் படித்தேன்.

மூன்று வாரமாக நீ அறையை விட்டு வரவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கிறேன்: உனக்கு என்னம்மா ஆச்சு?

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். கையில் எந்தக் கேஸ் கட்டும் இல்லை.

உன் அப்பா