பெட்ரோல் முள்

1968 பிப்ரவரி 12
ஆறு வோல்ட் பேட்டரி இனி எங்கும் கிடைக்காதாம். வில்பிரட் அண்ணன் எங்கள் லாரியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுகிறான். யுத்த காலத்து லாரி. மீட்டர்களை மட்டும் கழற்றக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்குக் காது மந்தம். என்ஜின் சத்தம் சரியாகக் கேட்காது. முட்களைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்.

என் குரலும் அவருக்குக் கேட்காது. யாருக்குத்தான் கேட்கும்? வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும். எட்டாவதோடு நின்றதில் எனக்கு வருத்தமே இல்லை — பொய். கொஞ்சம் உண்டு.

பிப்ரவரி 14
பல்புகள் மாற்றியாயிற்று. ஆயில் மீட்டருக்கும் சூடு மீட்டருக்கும் கரண்டே வேண்டாம், அவை தப்பித்தன. பெட்ரோல் முள் ஃபுல்லில் நிற்கிறது. அண்ணன் டாங்கியை நிரப்பிவிட்டான் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 15
அண்ணன் நிரப்பவே இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் நடு ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து லாரி நின்றுவிட்டது. அப்பா இறங்கியபோது பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. உரசிக்கொண்டு போயிருக்கிறது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"இந்த முள்ளு சரியாகலன்னா டிரைவர் போட்டுடலாம்பா," என்றான் அண்ணன், உரக்க. அப்பா கேட்காத மாதிரி இருந்தார். கேட்டது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 16
லாரி ஓட்டாமல் அப்பா என்ன செய்வார்?

பிப்ரவரி 17
அண்ணன் டூட்டிக்குப் போன பிறகு எலக்ட்ரீஷியன் சேட்டு அண்ணன் வந்தார். "இது ஆறு வோல்ட்டு மீட்டரு. பன்னெண்டு வோல்ட்டும் இது தலையில எறங்குது, அதான் எப்பவும் ஃபுல்லு காட்டுது. நடுவுல காயில் போட்டுக் கொறைக்கணும்," என்று ஒரு கரண்ட் அடுப்பின் கம்பிச் சுருளை எடுத்தார். டாங்கியில் பாதி பெட்ரோல் ஊற்றியாயிற்று. சுருளின் மேல் கிளிப்பை நகர்த்திக்கொண்டே போய், முள்ளும் பாதிக்கு வருகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அவர் பானெட்டுக்குள். முள்ளைப் பார்த்துச் சொல்ல, கேபினில் நான்.

"இன்னாம்மா, முள்ளு எங்க கீது?"

"முக்கால்," என்றேன்.

"பதில் சொல்றியா, ஜெபம் பண்ணிகினு கீறியா?"

அப்போது கிளிப் நழுவிவிட்டது. முள் துள்ளிப் போய் ஓரத்தில் இடித்தது. கண்ணாடிக்குள் புகை. ஐயோ, அப்பாவோட முள்ளு —

"கழட்டுங்கண்ணா! கழட்டுங்க!"

சேட்டு அண்ணன் கம்பியைப் பிடுங்கினார். முள் மெல்ல இறங்கியது. பிழைத்துக்கொண்டது.

லாரிக்குப் பின்னால் நின்றிருந்த அப்பா ஓடி வந்தார். "யாரு கத்துனது?"

"ஒங்க பொண்ணுதான் நைனா. என் காதே கிழிஞ்சுபோச்சு!"

அப்பா என்னையே பார்த்தார். "எனக்குக் கேட்டுச்சே," என்றார்.

அதற்கப்புறம் கத்திக்கொண்டேதான் இருந்தேன். சாயங்காலம் முள் சரியாகப் பாதியில் நின்றது.

பிப்ரவரி 19
திருநீர்மலைக்கு ஜல்லி லோடு. அப்பாதான் ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் ஹாரன் கேட்டால் சொல்ல வேண்டும், அது என் வேலை. அண்ணனும் சரி என்றுவிட்டான்.

பல்லாவரம் தாண்டியதும் அப்பா கேட்டார்: "பெட்ரோல் எவ்ளோம்மா இருக்கு?"

முள் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

"பாதி!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையாட்டினார். பம்மல் வருவதற்குள் மறுபடி கேட்டார்.