ஹல்வார்ட் சொன்ன தடை

வெஸ்டரோலன்,
மே 18.

அன்பு மகள் இங்குனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். முழங்கால் நலமில்லை, அதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப்போகிறாய். பெர்கனில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? போன் செய்தால் எடுப்பதில்லை.

நீ அனுப்பிய தாள் வந்தது. உன் அம்மா இறந்துபோன பிறகு வீட்டையும் படகுக் கொட்டகையையும் உனக்குப் பங்கு பிரிக்காமல் நான் அப்படியே வைத்திருந்துவிட்டேன். அதனால் இப்போது ஒட்னியைக் கல்யாணம் செய்துகொள்ள மகளின் சம்மதம் வேண்டும் என்றார்கள். நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாய். சந்தோஷம். ஆனால் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன், உள்ளே ஒரு வரி இல்லை. மின்சாரக் கம்பெனிக்காரன்கூட பில்லோடு "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று எழுதுகிறான்.

சரி, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே முடிந்தது? இந்த நாட்டில் கல்யாணத்துக்கு அனுமதி கொடுப்பது வரி அலுவலகம். மீன் பிடித்த காலம் பூராவும் அவர்களுக்கு அழுதிருக்கிறேன், இருந்தும் நான் யார் என்று இன்னொருவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெண்ணுக்கு ஒரு சாட்சி, மாப்பிள்ளைக்கு ஒரு சாட்சி. ஒட்னிக்கு அவள் தங்கை ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் என் தாளை ஹல்வார்டிடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரன், என்னோடு ஒரே படகில் இருந்தவன், புத்தி இருக்கும் என்று நம்பிக் கொடுத்தேன்.

இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ஏற்கெனவே எங்காவது ஒரு பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிறார்கள். உலகத்தில் எல்லோரும் "இல்லை" என்று போட்டுவிட்டுப் போவார்கள். இந்தப் புண்ணியவான் எழுதியிருக்கிறான்: "உண்டு. மகள் இவனோடு பேசுவதில்லை."

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினாள். "ஐயா, பொண்ணு பேசலைங்கறது சட்டப்படி தடையே இல்ல. ஆனா தடை உண்டுன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறப்ப நாங்க எப்படி அனுமதி தர்றது? வேற தாள் அனுப்பிடுங்க" என்றாள். கல்யாணம் ஜூன் கடைசிச் சனிக்கிழமை. அனுமதி கையில் இல்லாமல் பாதிரியார் வாயைத் திறக்க மாட்டார். ஒட்னியின் தங்கை இப்போதே ரொட்டி சுட்டு அடுக்கி வைக்கிறாள்.

ஹல்வார்டிடம் போய், "டேய், அதை அடிச்சிட்டு இல்லைன்னு எழுதிக் குடுடா" என்றேன். "கேட்டாங்க, சொன்னேன். ஈஸ்டர்லேருந்து உன் மூஞ்சி கரையில போட்ட மீன் மாதிரி இருக்கு. அது தடை இல்லாம வேற என்ன? சத்தியமா எழுதறேன்னு மேலயே போட்டிருக்கான். நான் பொய் எழுதமாட்டேன்" என்றான். நேற்று தேசிய தின ஊர்வலத்தில் கொடியும் கையுமாக வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போகிறான். நான் அவனோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. அவன் இன்னும் கவனிக்கவில்லை.

கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒட்னி குறுக்கே விழுந்தாள். "யாரையோ பிடிச்சு இல்லைன்னு எழுதி வாங்கி எனக்குக் கல்யாணம் வேணாம். ஹல்வார்ட் சரியாத்தான் எழுதியிருக்காரு. உங்க பொண்ணைக் கேளுங்க. அவ மாட்டேன்னா விட்டுடுங்க. நீங்க உங்க வீட்டுல, நான் என் வீட்டுல" என்றாள். இந்தத் தீவில் பாதிப் பேர் கல்யாணமே செய்துகொள்ளாமல் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். எனக்கு வாய்த்தவளுக்குத் தேவாலயம், அனுமதி, உன் வாய்ச்சொல் எல்லாம் வேண்டும். நானும் எவ்வளவுதான் தாங்குவேன்?

ஈஸ்டருக்கு வந்த நீ அடுக்களையில் அம்மாவின் திரைச்சீலை இல்லாததைப் பார்த்துவிட்டு மறுநாளே கப்பல் ஏறிவிட்டாய். ஒட்னி அதைத் தொடவே இல்லை. நான்தான் துவைத்தேன், நூல் நூலாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. எனக்கும் வீம்பு, உன்னைப் போலவே.

எனக்கு ஒட்னி வேண்டும், இங்குன். சாயந்தரத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மனசு நிறைகிறது. உன் அம்மாவோடு எல்லாம் முடிந்துபோயிற்று என்று நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை. அப்படி எழுதச் சொல்லியிருந்தால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று எழுந்து வந்திருப்பேன்.

புதுத் தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு நீ சாட்சியாக இரு. மாப்பிள்ளையை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்பார்கள், பிறந்ததிலிருந்து என்று எழுது. தடை உண்டா என்று கேட்கும் இடத்தில் என் முகத்துக்காகப் பொய் எழுதாதே. உண்டு என்றால் உண்டு என்றே எழுது. ஆனால் அதைத் தபாலில் போடாமல் நீயே எடுத்துக்கொண்டு வா. எதிரே உட்கார்ந்து என்னைத் திட்டு, ராத்திரி பூராவும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே அம்மா. இந்த வீட்டில் நான் கூப்பிட்டுப் பதில் வராத ஆள் ஒருத்தி போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் உன் அப்பாவாகவே இருக்கும்,
ஐலீவ்